பட்டாள லாரியின் ஜீர்ணோத்தாரணம்

பம்பாயிலிருந்து கண்டாலா கணவாயை ஏறிக் கடந்து, தக்காணத்து மேட்டுநிலத்தின் வழியே பழைய சாலையில் புனேயை நோக்கி வருகிறவர்களுக்கு, அந்நகரத்தின் கீர்த்திக்குக் காரணமான சனிவார் வாடாவோ பர்வதிக் குன்றோ கண்ணில் படுவதற்கு வெகு முன்பே, தேஹு ரோட்டில் தொடங்கிக் கிர்க்கி வரையில் விட்டுவிட்டு நீண்டு செல்லும் மதில்களும் முள்வேலிகளும், அனுமதியின்றி உள்ளே வரக்கூடாதென்று அறிவிக்கும் பலகைகளும் காட்சியளிக்கும். பேஷ்வாக்களின் ராஜதானியென்றும், திலகரும் கோகலேயும் வாழ்ந்த ஊரென்றும், வித்தைக்கும் சங்கீதத்துக்கும் பேர்போனதென்றும் புனேயைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். அந்த மதில்களுக்கு உட்புறத்தில், போர்க்களத்திலும் மலைப்பாதையிலும் ஓடி ஓய்ந்த பட்டாள வண்டிகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடியும் புதியதாக்கி அனுப்பும் காரியம் தலைமுறை தலைமுறையாக நடந்துவருவதைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. பழைய ராணுவ லாரி ஒன்றைத் தேடி வாங்கி, அது பிறந்த கோலத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டுமென்னும் ஆசை இப்போது சிலருக்கு உண்டாகியிருக்கிறது. அந்த ஆசையின் பூர்வோத்தரத்தை விசாரிக்கப் புகுந்தால் இந்த மதில்களின் சரித்திரத்திலிருந்துதான் ஆரம்பித்தாக வேண்டும்.

புனே ராணுவத்தின் ஊரானதற்கு ஒரு தேதியைக் குறிப்பிட்டே சொல்லலாம். 1817 நவம்பர் 5-ஆம் தேதி கிர்க்கி வெளியில் இரண்டாம் பாஜிராவின் சைன்யத்துக்கும் கம்பெனிப் படைக்கும் நடந்த சண்டையில் ஜயம் கம்பெனியின் பக்கம் சாய்ந்தது. அதைத் தொடர்ந்து புனேயிலும் கிர்க்கியிலும் கண்டோன்மெண்டுகள் ஏற்பட்டன. 1869-இல் கிர்க்கியில் தோட்டாத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பம்பாய் ஸாப்பர்கள் என்னும் பொறியியற் படைக்கும் கிர்க்கியே நிலையான வாசஸ்தலமாயிற்று. பம்பாய்த் துறைமுகத்துக்கு ரயிலில் சில மணி நேரத் தூரம். ஆனால் சமுத்திரத்து உப்புக் காற்று எட்டாத உயரம். மேற்கு மலைத்தொடர் மழையின் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்வதால் வறட்சியான சீதோஷ்ணம். இரும்பை வெகுகாலம் துருவேறாமல் சேமித்து வைக்க நினைக்கும் ஒரு சர்க்காருக்கு இதைவிடத் தோதான ஸ்தலம் அகப்படுவது துர்லபம் என்றே தோன்றுகிறது. இந்தத் தொழிற்சாலைகளையும் கிடங்குகளையும் நம்பித் தெற்கிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் கிர்க்கியிலும் தேஹு ரோட்டிலும் இன்றும் இருக்கின்றன. அங்கே ஒரு பட்டறையில் அரை மணி நேரம் நின்றால் மராத்தியும் ஹிந்தியும் தமிழும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வருவதைக் கேட்கலாம்.

ஆயினும் அந்தக் காலத்துப் பட்டாளத்தைச் சுமந்தவை மோட்டார்கள் அல்ல. கோவேறு கழுதைகளும் ஒட்டகங்களும் மாடுகளுமே. முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு லாரிகள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தனவென்றாலும், இந்திய ராணுவத்தை யந்திர வாகனங்களின் மேல் ஏற்றிவைக்க வேண்டுமென்ற எண்ணம் தீர்மானமாக உருப்பெற்றது 1939-இல், சாட்ஃபீல்டு பிரபுவின் கமிட்டி தன் அறிக்கையைக் கொடுத்த பின்னர்தான். அறிக்கையின் மை காய்வதற்குள் யுத்தம் வந்துவிட்டது. பிரிட்டனின் தொழிற்சாலைகள் தம் சொந்தப் படைகளுக்கு வேண்டியதையே செய்து முடிக்கத் திணறிய நிலைமையில், சாம்ராஜ்யத்தின் லாரிக்காரனாக முன்வந்தது கானடா.

யுத்த காலத்தில் கானடா செய்து தள்ளிய ராணுவ வாகனங்கள் 8 லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஏறக்குறைய பாதி, 'கனடியன் மிலிட்டரி பேட்டர்ன்' என்னும் ஒரே இலக்கணத்துக்கு உட்பட்டவை. ஃபோர்டும் ஷெவர்லேயும் வியாபாரத்தில் பரம வைரிகள். ஆனால் சர்க்கார் ஆணைக்குக் கட்டுப்பட்டு இரண்டு கம்பெனிகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் லாரிகளைச் செய்தன. ஃபோர்டு லாரியின் உள்ளே 95 குதிரைச்சக்தி கொண்ட வி-8 என்ஜின். ஷெவர்லேயில் 85 குதிரைச்சக்தி கொண்ட ஆறு சிலிண்டர் என்ஜின். மூக்கு சப்பையாக, நெற்றி முன்னுக்குத் தள்ளி, பார்க்க அவலட்சணமான வண்டிதான். கப்பலில் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் குறைப்பதற்காக முகத்தைச் சப்பையாக்கினார்கள். வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் ஒளி ஆகாய விமானத்துக்குக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்பதற்காகக் கண்ணாடியின் மேல்விளிம்பை முன்னே சாய்த்தார்கள். இந்தச் சௌகரியங்களுக்கெல்லாம் விலை கொடுத்தவன் டிரைவர். என்ஜினின் பாதி அவனுக்கும் பக்கத்தில் இருப்பவனுக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது. கிளச்சும் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும், பூட்ஸ் போட்ட பெரிய பாதத்துக்கு இடமில்லாதபடி, ஒரே மூலையில் நெருக்கியடித்துக்கொண்டன. கானடாவின் குளிருக்கு இதமாக இருந்திருக்கக்கூடிய அந்த ஏற்பாடு சித்திரை வெயிலில் எப்படி இருந்திருக்குமென்பதை வர்ணிக்க வேண்டியதில்லை.

இந்த லாரிகளில் கணிசமான பகுதி முழு வண்டியாக இந்தியாவுக்கு வரவில்லை. பெட்டிகளில் அங்கம் அங்கமாக வந்து இறங்கி, இங்கே பூட்டப்பட்டன. பம்பாயில் சிவ்ரியில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-இல் திறந்த தொழிற்சாலைதான் இந்தியாவில் மோட்டார் வண்டி பூட்டும் முதல் தொழிற்சாலை. ஃபோர்டு கம்பெனிக்குப் பம்பாயிலும் சென்னையிலும் கல்கத்தாவிலும் பூட்டும் இடங்கள் இருந்தன. சட்டமும் என்ஜினும் கானடாவிலிருந்து. பின்புறத்துப் பலகைப்பெட்டியும் கித்தான் கூரையும் பெரும்பாலும் இந்த நாட்டுத் தச்சர், தையற்காரர் கைவேலை. ஃபோர்டு சட்டத்தின் மேலே ஜாம்ஷெட்பூரில் கவசத் தகடு வேய்ந்து, 'டாட்டாநகர்' என்று செல்லப்பெயரிட்டு அனுப்பிய கவச வண்டிகளும் உண்டு. இதை இங்கே பிரஸ்தாபிப்பதற்குக் காரணம் உண்டு. 'ஒரிஜினல்' வண்டி என்று இன்று ஆர்வலர்கள் தேடியலையும் பொருளுக்கு, பிறக்கும்போதே இரண்டு தேசங்களின் கை பட்டிருக்கிறது.

வண்டிகள் பெருகினால் ரிப்பேரும் பெருக வேண்டியதுதான். அதுவரை ஆயுதக் கிடங்குகளோடும் போக்குவரத்துப் படையோடும் சிதறிக் கிடந்த ரிப்பேர் வேலையை ஒன்றுசேர்த்து, 1943 மே முதல் தேதி, எலெக்ட்ரிகல்-மெக்கானிகல் என்ஜினீயர்ஸ் என்னும் தனிப்படை இந்தியாவில் அமைக்கப்பட்டது, இன்று ஈ.எம்.ஈ. என்று சிப்பாய்கள் சுருக்கிச் சொல்வது அதையே. போர்முனைக்கு அருகே சில்லறை ரிப்பேர், அதற்குப் பின்னே சற்றுப் பெரிய ரிப்பேர், எல்லாவற்றுக்கும் பின்னே, தேசத்தின் உள்ளே, முழு ரிப்பேர் என்று வேலையைப் படிப்படியாகப் பிரித்தார்கள். இந்தக் கடைசிப் படியில் நிற்பவை பேஸ் ஒர்க்‌ஷாப்புகள். கிர்க்கியில் உள்ள 512 ஆர்மி பேஸ் ஒர்க்‌ஷாப் அவற்றில் ஒன்று. கவச வாகனங்களுக்கான மத்தியக் கிடங்கும் கிர்க்கியிலேயே இருக்கிறது.

பேஸ் ஒர்க்‌ஷாப்பில் நடக்கும் 'ஓவர்ஹால்' என்பது என்னவென்று தெரிந்துகொண்டாலன்றிப் பின்னால் சொல்லப்போவது விளங்காது. வண்டி வாசலில் நுழைந்ததும் அதன் தனித்துவம் முடிந்துபோகிறது. என்ஜின் என்ஜின் பிரிவுக்கும், கியர் பெட்டி அதன் பிரிவுக்கும், அச்சுகள் வேறொரு கொட்டகைக்கும், ஒயர்களும் டைனமோவும் இன்னொரு மேஜைக்குமாகப் பிரிந்து போகின்றன. ஒவ்வொரு கொட்டகையிலும் வந்த உறுப்பைத் திறந்து, கழுவி, அளந்து, தேய்ந்ததை மாற்றி, சோதித்து, அலமாரியில் ஏற்றுகிறார்கள். மறுமுனையில் சட்டம் ஒன்று உருண்டு வருகையில், அலமாரியில் அன்று எது தயாராக இருக்கிறதோ அதை எடுத்துப் பூட்டுகிறார்கள். அஸ்ஸாமிலிருந்து வந்த வண்டியின் என்ஜின் ராஜஸ்தானத்துக்குப் போகும் வண்டியில் ஏறும். அந்த ராஜஸ்தானத்து வண்டியின் பழைய அச்சு இன்னொன்றைத் தாங்கும். வண்டி புதிதாகிவிட்டது என்பதில் சந்தேகமில்லை: அளவுகள் புத்தகத்தில் உள்ளபடி இருக்கின்றன, மீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது, பெயிண்ட் மணக்கிறது. பழைய வண்டிதானா என்று கேட்டால் ஒர்க்‌ஷாப்புக்கு அந்தக் கேள்வியே அர்த்தமற்றது. அதற்கு வேண்டியது, சொன்ன நாளில் கிளம்பி, சொன்ன சுமையைச் சொன்ன இடத்தில் சேர்க்கும் வாகனம், அவ்வளவே.

எத்தனை முறை புதுப்பித்தாலும் ஒரு நாள் கணக்குப் பார்க்கும் குமாஸ்தாவின் பேனா குறுக்கே வரும். ரிப்பேருக்கு ஆகும் செலவு வண்டியின் மதிப்பைத் தாண்டுமானால், லாபகரமாக ரிப்பேர் செய்ய இயலாதது என்ற பொருளில் 'பி.இ.ஆர்.' என்று எழுதி ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கியது ஏலத்துக்கு வரும். யுத்தம் முடிந்த கையோடு இந்த ஏலங்கள் வெள்ளமாகப் பெருகின. அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்புகளும் ஆறு சக்கர ஜி.எம்.சி.க்களும், டாட்ஜுகளும், கானடா லாரிகளும் வயல்வெளிகளில் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டு விற்பனையாயின. 'டிஸ்போசல்' என்ற சொல் தமிழ்நாட்டுக் கிராமத்துக்காரர் வாயிலும் நுழைந்தது அப்போதுதான்; டிஸ்போசல் ஜீப், டிஸ்போசல் லாரி, டிஸ்போசல் பூட்ஸ் என்று அது நெடுநாள் வழங்கியது.

பழையதைப் புதியதென்று சொல்லி வாங்குவதில் உள்ள அபாயத்தைச் சுதந்திர இந்தியா தன் பால பருவத்திலேயே அனுபவித்துத் தெரிந்துகொண்டது. 1948-இல், கஷ்மீரச் சண்டையின் அவசரத்தில், லண்டனில் ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், புதுப்பித்த ஜீப்புகளை வாங்க வெளிநாட்டுக் கம்பெனியொன்றுடன் சுமார் 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தார். வந்து இறங்கிய 155 ஜீப்புகளையும் பரிசோதித்த ராணுவத்தார் உபயோகத்துக்கு லாயக்கற்றவை என்று சொல்லிவிட்டார்கள். பாராளுமன்றத்தில் பலத்த கூச்சல் எழுந்தது, கமிட்டிகள் விசாரித்தன, 1955-இல் விவகாரம் முடிந்துவிட்டதாக சர்க்கார் அறிவித்தது. மேனன் 1957-இல் பாதுகாப்பு மந்திரியானார். அவருடைய காலத்தில்தான், 1959-இல், ஜபல்பூரிலுள்ள பீரங்கி வண்டித் தொழிற்சாலையில், ஜெர்மனியின் எம்.ஏ.என். கம்பெனியின் உரிமம் பெற்று, 'சக்திமான்' என்ற லாரியை இந்தியாவிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். பழைய வண்டியால் அவதூறு தேடிக்கொண்டவர் புதிய வண்டிக்குக் காரணபூதரானார் என்பதை விதியின் விளையாட்டென்று கொள்வதா, பட்ட அனுபவத்தின் பயனென்று கொள்வதா, வாசகர்கள் அவரவர் அபிப்பிராயப்படி தீர்மானித்துக்கொள்ளலாம்.

ஏலத்தில் போன லாரிகளின் கதைக்குத் திரும்புவோம். அவற்றை எடுத்தவர்கள் அருமை பெருமை பார்த்து எடுக்கவில்லை; பிழைப்புக்காக எடுத்தார்கள். கித்தான் கூரையைக் கழற்றி எறிந்துவிட்டு மரப்பெட்டியை உயர்த்தினார்கள்; சட்டத்தை நீட்டிப் பஸ் கட்டினார்கள்; முன்சக்கரங்களுக்குப் போகும் விசையைத் துண்டித்து, அந்த உறுப்பை இரும்புக் கடைக்கு விற்றார்கள். பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் என்ஜின்களை வைத்துக்கொண்டு லாரிக்காரன் வாழ முடியாதாகையால், அவற்றை இறக்கிவிட்டு, பெர்க்கின்ஸ் பி-6 போன்ற டீசல் என்ஜின்களை ஏற்றினார்கள்; அந்த பி-6 என்ஜினை ஐம்பதுகளில் சென்னையிலேயே சிம்ப்ஸன் கம்பெனியார் தயாரித்து வந்ததால், நம் பக்கத்து லாரிகளின் நெஞ்சு மாற்றும் சிகிச்சைக்குச் சாமான் தட்டுப்பாடு ஏற்படவில்லை. இதற்கிடையில், இங்கேயே உற்பத்தி செய்யாதவர்களுக்கு இடமில்லை என்று சர்க்கார் கொள்கை வகுத்ததன் விளைவாக, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் ஐம்பதுகளின் நடுவில் கடையைக் கட்டிக்கொண்டு போயின. கம்பெனி போய்விட்டது, அது விற்ற வண்டிகள் சாலையில் இருந்தன. அந்த இடைவெளியில் முளைத்ததுதான் சென்னைப் புதுப்பேட்டை, புனேயின் நானா பேட்டை போன்ற உதிரி பாகக் கடைத்தெருக்களின் வித்தை: இல்லாத சாமானை உண்டாக்குவது, வேறொரு வண்டியின் சாமானை இதற்குப் பொருந்தச் செய்வது. புனேயில் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கூடும் ஜூனா பஜாரில், பூட்டுக்களுக்கும் பித்தளைப் பாத்திரங்களுக்கும் நடுவே, தரையில் விரித்த சாக்கின்மேல், எந்தச் சேனையின் எந்த வண்டியிலிருந்து வந்ததென்று விற்பவனுக்கே தெரியாத ஒரு மீட்டரோ விளக்கு வளையமோ இப்போதும் அகப்படுவதுண்டு.

சந்தைக்காரன் செய்த இந்தப் புதுப்பித்தலை அங்கஹீனம் என்று இன்றைய ஆர்வலர்கள் பழிக்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. டீசல் ஏற்றாத, பஸ் கட்டாத, மரம் இழுக்காத லாரிகள் அறுபதுகளிலேயே உடைந்து உலைக்குள் போய்விட்டன; யாராலோ உருமாற்றப்பட்டு உழைத்ததனால்தான் மிச்சம் சில நம் காலம்வரை உயிரோடு வந்து சேர்ந்தன. இன்று ஜீர்ணோத்தாரணம் செய்பவர், தமக்குச் சட்டத்தை மிச்சம் வைத்த அந்தப் பெயர் தெரியாத லாரிக்காரனுக்குக் கடன்பட்டவர்.

சக்திமானின் காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அது 1996 வரையில் வந்தது. அதன் ஸ்தானத்தை அசோக் லேலண்டின் ஸ்டாலியன் எடுத்துக்கொண்டது. 1969-இல் ஜபல்பூரிலேயே தனியாக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டு, நிஸ்ஸான் கம்பெனியின் மாதிரியில் 'ஒன் டன்' லாரியும், 'ஜோங்கா' என்னும் ஜீப்பு ஜாதி வண்டியும் வெளிவந்தன. ஜோங்கா 1999-இல் நின்றது. இன்று புனேயைச் சுற்றிலும் புதுப்பிக்கப்படுகிற ராணுவ வண்டிகளில் ஜீப்புக்கும் ஜோங்காவுக்குமே முதலிடம். அவற்றை வீட்டுக் கொட்டகையில் நிறுத்தலாம், மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு லோனாவாலா போய்வரலாம். முழு லாரியைத் தொடத் துணிகிறவருக்குத் தனமும் இடமும் மட்டும் போதாது. பொறுமை நிரம்ப வேண்டும்.

அந்தத் துணிவு உள்ளவருக்குப் புனேயைப் போல் கைகொடுக்கும் ஊர் இந்தியாவில் சிலவே. கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் 1946-இல் கிர்க்கியில் தொடங்கிற்று. 1962-இல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதியில் மராட்டிய சர்க்காரின் தொழிற்பேட்டை எழுந்தது. டாட்டாவின் டெல்கோ 1966-இல் புனேக்கு வந்தது. ஆகுர்டியில் பஜாஜ் டெம்போ இருந்தது. இந்தப் பெரிய ஆலைகளுக்கு உறுப்புகள் கடைந்து கொடுப்பதற்காகப் போஸரியில் சந்து சந்தாக லேத் பட்டறைகள் உண்டாயின. ராணுவ ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்ற கைகளும், ஆலைகளில் பழகிய கைகளும் இந்தப் பட்டறைகளில் சந்திக்கின்றன. இந்த நகரத்தில் ஒரு பழைய கிராங்க் ஷாஃப்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால், 'இது எதற்கு ஐயா உமக்கு?' என்று கேட்காமல், 'எத்தனை தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கடைய வேண்டும்?' என்று கேட்கிறவர் நாலு கடைக்கு ஒருவர் இருப்பார்.

வேலையின் முதற்கட்டம் சுரண்டுவது. லாரியின் கதவை நனைத்த உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துக்கொண்டு போனால், மேலே கிடக்கும் லாரிக்காரனின் நீலமும் மஞ்சளும் கரைந்து, அதன்கீழே செங்கல் நிறப் பிரைமரும், அதன்கீழே பட்டாளத்துப் பச்சையும் வளையம் வளையமாக எழும். அவசரக்காரன் இந்த இடத்தில் மணல் பீய்ச்சும் யந்திரத்தைக் கொண்டுவந்து ஒரே பகலில் இரும்பை வெள்ளையாக்கிவிடுகிறான். அந்தப் பூச்சுகளோடு வண்டியின் சாசனமும் போய்விடுகிறது. இந்திய ராணுவத்தின் வண்டி எண், மேல்நோக்கிய அம்புக்குறியில் தொடங்கும். அடுத்த இரண்டு இலக்கங்கள் வண்டியைக் கொள்முதல் செய்த வருஷத்தைச் சொல்லும். பிறகு வகையைக் குறிக்கும் எழுத்தும் வரிசை எண்ணும் வரும். மூன்று நான்கு பூச்சுக்கு அடியில் அந்த அம்பின் முனை புலப்பட்டுவிட்டால், வண்டி எந்த வருஷத்தில் சேவைக்கு வந்ததென்று தெரிந்துகொள்ள வேறு கடிதம் வேண்டியதில்லை.

சக்கரத்தைத் தொடுமுன் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய மெக்கானிக்குகள் சீடனுக்கு முதல் நாளே சொல்லிவைப்பது. கானடா லாரியின் சக்கரம் ஒரே வார்ப்பல்ல; இரண்டு பாதிகளைப் போல்ட்டுகளால் இறுக்கி ஒன்றாக்கியது. சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் நட்டுகள் வேறு, பாதிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நட்டுகள் வேறு. காற்று நிரம்பிய டயரோடு பின்னவற்றைக் கழற்றத் தொடங்கினால், பிரியும் பாதி கழற்றுகிறவன் மார்பில் வந்து அடிக்கும். அதனாலேயே அந்த நட்டுகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசும் சம்பிரதாயம் ராணுவத்தில் இருந்தது. லாரியை வாங்கியவர் அழகுக்காகச் சக்கரம் முழுவதற்கும் ஒரே பச்சையைப் பூசிவிட்டால், புதுமை வந்துவிடும். அடுத்து அதைக் கழற்றப் போகிறவனின் உயிருக்கு உத்தரவாதம் போய்விடும்.

என்ஜினுக்கு வருவோம். ஷெவர்லேயின் அந்த ஆறு சிலிண்டர் என்ஜினில் கனெக்டிங் ராடின் பேரிங், இன்றைய வண்டிகளில்போலக் கடையில் வாங்கிச் செருகும் சிப்பி அல்ல. ராடின் வாயிலேயே 'ஒயிட் மெட்டல்' என்னும் வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றிக் கடைந்தது. பம்பு அழுத்தித் தள்ளும் எண்ணெய் அதற்குக் கிடையாது. ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெயில் முழுகி அள்ளிக்கொள்ள வேண்டும். இந்தப் பேரிங்கைப் புதிதாக்கும் வித்தை தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். பழைய உலோகத்தை உருக்கி வடித்துவிட்டு, ராடின் வாயை அமிலத்தால் சுத்தம் செய்து, முதலில் ஈயம் பூச வேண்டும். பூச்சு எங்காவது ஒட்டாமல் விட்டிருந்தால் ஊற்றிய கலவை பின்னால் அங்கிருந்து பெயரும். ராடையும் அச்சையும் சமச் சூட்டுக்குக் கொண்டுவந்து, உருகிய கலவையை ஒரே தாரையாக, நடுவில் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். கலவை சூடேறிவிட்டதா என்று அறிய உஷ்ணமானி வைத்திருப்பவரும் உண்டு. உலர்ந்த பைன் மரக்குச்சியை அதில் தோய்த்து, குச்சி கருகும் வேகத்தைக் கொண்டு சொல்பவரும் உண்டு. ஆறினபின் கடைந்து, கிராங்க் ஷாஃப்டின்மேல் நீல மையைத் தடவி ராடைப் பூட்டிச் சுற்றிக் கழற்றினால், வெள்ளை உலோகத்தில் எங்கெங்கே நீலம் ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் மேடு. அந்த மேட்டை மட்டும் முக்கோணச் சுரண்டியால் இழைத்து, மறுபடியும் மை தடவி, மறுபடியும் பூட்டி, நீலம் முகம் முழுவதும் பரவும்வரை திருப்பித் திருப்பிச் செய்ய வேண்டும். ராடின் மூடியின் கீழே இரண்டு பக்கமும் மெல்லிய தகடுகள் வைத்திருப்பார்கள். வருஷங்கள் போய்ப் பேரிங் தேயும்போது ஒரு தகட்டை எடுத்துவிட்டு மூடியை இறுக்கிக்கொள்ளலாம். தேயும் என்று ஒப்புக்கொண்டே செய்த யந்திரம் அது. அதைப் பழுது பார்ப்பது எளிது என்பதால்தான் இத்தனை காலம் தாங்கிற்று.

இந்த அளவுக்குப் பிரயாசைப்பட்ட பிறகு, 'இது இந்த வண்டியில் பிறந்த என்ஜின்தானா?' என்ற கேள்வி வருகிறது. சட்டத்தில் பொறித்த எண்ணும் என்ஜினில் பொறித்த எண்ணும் கம்பெனியின் பழைய ஏட்டில் ஜோடியாக இருந்தால் வண்டிக்கு மதிப்பு பன்மடங்கென்று மேல்நாட்டுக் கார்ப்பிரியர்கள் வகுத்த சாஸ்திரத்தை இங்கும் சிலர் வேதவாக்காகக் கொண்டிருக்கிறார்கள். ஒரு மகாராஜாவின் ரோல்ஸ்ராய்ஸுக்கு அது நியாயமாக இருக்கலாம். பட்டாள லாரிக்குப் பொருந்தாது. கிர்க்கி போன்ற ஒர்க்‌ஷாப்பின் வாசலை ஒரு முறை தாண்டிய லாரியில் பிறந்த என்ஜின் இருந்தால்தான் ஆச்சரியம். அதன் சேவைச் சரித்திரமே உறுப்பு மாறியதன் சரித்திரம். ஆகையால் லாரியைத் தொழிற்சாலையின் வாசலுக்குத் திருப்பிக் கொண்டுபோவதைவிட, அதன் சேவைக் காலத்தில் ஏதேனும் ஒரு வருஷத்தைத் தேர்ந்துகொண்டு, அந்த வருஷத்தில் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெளியேறும்போது எப்படி இருந்திருக்குமோ அப்படி நிறுத்துவதே முறை என்பது என் அபிப்பிராயம். அப்படிக் கொண்டால் உள்ளூர்த் தச்சன் கட்டிய பலகைப்பெட்டி குறையாகாது. வேறு லாரியிலிருந்து வந்த அதே ஜாதி என்ஜினும் குறையாகாது. பெர்க்கின்ஸ் டீசலை மட்டும் இறக்கத்தான் வேண்டும். அதைக்கூட எறிந்துவிடாமல் கொட்டகையில் ஒரு மூலையில் வைத்திருப்பவரை எனக்குப் பிடிக்கும்.

சர்க்காரின் சட்டமோ இதில் எதையும் கேட்டுக்கொண்டு எழுதப்பட்டதன்று. 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. முதற் பதிவிலிருந்து 50 வருஷங்களைக் கடந்ததும், சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் கணிசமான மாறுதல் செய்யப்படாததுமான வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் அடங்கிய எண் கொடுக்கலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். தினசரிப் போக்குவரத்துக்கும் வியாபாரத்துக்கும் உபயோகிக்கலாகாது. கனவான்களின் காரையும் மோட்டார் சைக்கிளையும் மனத்தில் வைத்து எழுதிய விதியென்பது படித்தவுடனே தெரியும். ராணுவத்தில் இருபது வருஷம் உழைத்துவிட்டு ஏலத்தில் வந்த வண்டிக்கு முதற் பதிவு எந்த நாள்? ராணுவம் தன் அம்புக்குறியைப் பொறித்த நாளா, ஏலத்தில் எடுத்தவர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வரிசையில் நின்ற நாளா? பஸ்ஸாகி, டீசலாகி, மறுபடியும் லாரியானது கணிசமான மாறுதலா, மாறுதலை நீக்கியதா? குமாஸ்தாவின் மனோதர்மத்தைப் பொறுத்தே இவற்றுக்கு விடை.

நிறத்தின் விஷயத்தில் மனோதர்மத்துக்கும் இடமில்லை. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி, பாதுகாப்பு இலாகாவின் வண்டிகளைத் தவிர வேறெந்த மோட்டார் வண்டிக்கும் ஆலிவ் பச்சை பூசக்கூடாதென்று விதித்திருக்கிறது. உப்புத்தாளால் மாதக்கணக்கில் தேய்த்து எந்தப் பச்சையைக் கண்டுபிடித்தாரோ, அதே பச்சையை மறுபடியும் பூசி ரோட்டில் ஓட்டுவதற்கு லாரியின் சொந்தக்காரருக்கு உரிமை கிடையாது. பட்டாளத்து வேஷத்தில் பொய்வண்டிகள் நடமாடக் கூடாதென்ற நோக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆகவே ஒருவர் பாலைவனத்து மணல் நிறத்தைப் பூசுகிறார்; இன்னொருவர் பச்சையில் சாம்பலைக் கலந்து, இது ஆலிவ் அல்லவென்று இன்ஸ்பெக்டரிடம் வாதாடுகிறார்; பிறந்த நிறத்தோடு பார்க்க விரும்புகிறவர், புனேயிலிருந்து சுமார் 120 கிலோமீட்டரில் உள்ள அஹமத்நகருக்குப் போய், 1994-இல் திறந்த ராணுவ டாங்கி மியூசியத்தில், ரோல்ஸ்ராய்ஸ் கவச வண்டி முதலானவற்றைப் பார்த்துவிட்டு வரலாம். அவற்றுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி தேவையில்லை, ரோட்டுக்கு வருவதில்லை.